ஒளியில் அதிர்வது எது, எண்ணப்படுவது எது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்காந்த அலையைப் பற்றி ஒரு பாடத்திலும் ஃபோட்டானைப் பற்றி வேறொரு பாடத்திலும் படித்துவிட்டு, இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று தடுமாறுபவர்களுக்காக இந்தக் கேள்வி–பதில் எழுதப்படுகிறது. கணிதம் தவிர்க்கப்பட்டுள்ளது, அளவுகள் தவிர்க்கப்படவில்லை, ஏனெனில் இந்தப் பாடத்தில் பல குழப்பங்கள் அளவுகளைப் பார்த்தவுடனேயே தெளிந்துவிடுகின்றன.

ஒளி அலையா, துகளா?

“இரண்டும்தான்” என்ற விடை தவறன்று. ஆனால் அதைப் படிக்கும் மாணவர், சில நேரம் அலையாகவும் சில நேரம் துகளாகவும் வேடம் மாற்றிக்கொள்ளும் ஒரு பொருளைக் கற்பனை செய்துகொள்கிறார். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கேட்பது நல்லது. ஒளி பரவும்போது அதிர்வது எது? ஒளி ஒரு பொருளோடு ஆற்றலைக் கொடுத்து வாங்கும்போது எண்ணப்படுவது எது? முதல் கேள்விக்கு விடை மின்காந்தப் புலம். இரண்டாம் கேள்விக்கு விடையும் அதே புலத்தைப் பற்றியதுதான்: ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரும் புலத்தின் ஆற்றல் படிக்கட்டைப் போலச் சம அளவான படிகளில்தான் ஏறவோ இறங்கவோ முடியும். அந்த ஒரு படியே ஒரு ஃபோட்டான். ஆகவே புலம் என்று ஒன்றும் ஃபோட்டான் என்று வேறொன்றும் ஒளிக்குள் அருகருகே இருப்பதாக எண்ண வேண்டியதில்லை.

மின்காந்த அலையில் உண்மையில் அதிர்வது எது?

எந்தப் பொருளும் மேலும் கீழும் அசைவதில்லை. குளத்தில் கல்லெறிந்தால் நீர் எழுந்து தாழ்கிறது. ஒலி பரவும்போது காற்று முன்பின்னாக நெருங்கி விலகுகிறது. ஒளியில் மாறுவது, வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள மின்புலத்தின் அளவும் திசையும், காந்தப்புலத்தின் அளவும் திசையும் மட்டுமே. மின்புலம் என்பதற்குப் பொருள் எளிது: அந்தப் புள்ளியில் ஒரு மின்னூட்டத்தை வைத்தால் அதன்மீது எந்தப் பக்கம், எவ்வளவு விசை செயல்படும் என்பதைச் சொல்லும் அளவு அது. 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி கடக்கும் இடத்தில் அந்த விசை, ஒளி செல்லும் திசைக்குக் குறுக்காக, ஒரு வினாடியில் சுமார் 5.6 கோடி கோடி முறை ஒரு பக்கமும் எதிர்ப்பக்கமும் மாறி மாறி அதிர்கிறது.

இந்த அதிர்வின் வலிமையையும் கணக்கிடலாம். பூமியின் காற்று மண்டலத்துக்கு மேலே சூரிய ஒளி ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட் ஆற்றலைக் கொண்டுவருகிறது. அதே செறிவுள்ள ஓர் ஒற்றை அலையாக அதைக் கருதினால், மின்புலத்தின் வீச்சு, அதாவது அதிர்வின் உச்ச அளவு, மீட்டருக்குச் சுமார் 1000 வோல்ட். காந்தப்புலத்தின் வீச்சு சுமார் 3.4 மைக்ரோடெஸ்லா, அதாவது காந்த ஊசியைத் திருப்பும் புவிக் காந்தப்புலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. வெயிலில் காந்த ஊசி நடுங்காததற்குக் காரணம், அந்தப் புலம் ஊசி அசையத் தொடங்குவதற்கு முன்பே கோடிக்கணக்கான முறை திசை மாறிவிடுவதே ஆகும்.

ஒளி மின்காந்த அலைதான் என்று எப்படித் தெரிந்தது?

ஒரு எண் பொருந்தியதால் தெரிந்தது. வில்ஹெல்ம் வெபரும் ருடால்ஃப் கோல்ராவ்ஷும் 1856ஆம் ஆண்டில் மின்னூட்டத்தை இரு வேறு முறைகளில் அளந்து, அந்த இரு அலகுகளுக்கும் இடையிலான விகிதத்தைக் கண்டார்கள். அவர்களது சோதனையில் விளக்கோ கண்ணாடியோ வில்லையோ இல்லை. மின்னூட்டம் சேமித்த சாடியும் மின்னோட்டம் அளக்கும் கருவியும்தான் இருந்தன. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தம் கோட்பாட்டில் அந்த விகிதத்தை இட்டு, மின்காந்தக் குலைவு வினாடிக்குச் சுமார் 3,10,740 கி.மீ. வேகத்தில் பரவ வேண்டும் என்று கணக்கிட்டார். சுழலும் பல்சக்கரத்தின் வழியே ஒளியை அனுப்பி ஃபிஸோ 1849ஆம் ஆண்டில் அளந்திருந்த ஒளியின் வேகமும் அதற்கு மிக அருகில் இருந்தது. மின்சாரச் சோதனையிலிருந்து ஒளியின் வேகம் வெளிப்பட்ட அந்தத் தருணத்தை இயற்பியல் வரலாற்றின் மிக அழகான தருணங்களுள் ஒன்றாக நான் கருதுகிறேன். 1865ஆம் ஆண்டில் மேக்ஸ்வெல் தம் முழுக் கோட்பாட்டையும் வெளியிட்டார்; ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் 1887–88இல் கார்ல்ஸ்ரூஹே நகரில் மின்பொறியால் அத்தகைய அலைகளை உண்டாக்கிக் காட்டினார். இன்று ஒளியின் வேகம் அளக்கப்படுவதில்லை. 1983 முதல் அது வினாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டு, மீட்டரே அதிலிருந்து பெறப்படுகிறது.

பாடநூல் படத்தில் இரு நெளிகோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் செல்கின்றனவே, ஒளி அப்படித்தான் நெளிந்து செல்கிறதா?

இல்லை. அந்தப் படத்தில் பிழை இல்லை; அதைப் படிக்கும் முறையில்தான் மூன்று தவறுகள் நேர்கின்றன, மூன்றையும் நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

முதலாவது, அந்த நெளிகோட்டின் உயரம் ஒரு தொலைவு என்று எண்ணுவது. அது மீட்டரில் அளக்கும் உயரம் அன்று. அந்தப் புள்ளியில் புலத்தின் வலிமையைக் காட்டும் அம்புக்குறியின் நீளம். வெயில் காலத்து வெப்பநிலையை வரைபடமாக வரைந்தால் கோடு மேலும் கீழும் போகிறது என்பதற்காக வெப்பமானி மேலும் கீழும் குதிக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை அல்லவா? இரண்டாவது, ஒளி அந்த ஒரு கோட்டின் மீது மட்டும் இருக்கிறது என்று எண்ணுவது. உண்மையில் சமதள அலையில், செல்லும் திசைக்குச் செங்குத்தான தளம் முழுவதிலும் அதே மின்புலம், அதே திசையில், அதே கணத்தில் நிலவுகிறது; வரைவதற்கு வசதியாக ஒரு கோட்டை மட்டும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

மூன்றாவது தவறு நுட்பமானது. மின்புலம் குறையும்போது அந்த ஆற்றல் காந்தப்புலமாக மாறுகிறது, பின்பு அது திரும்ப மின்புலமாகிறது, ஊசலின் நிலை ஆற்றலும் இயக்க ஆற்றலும் மாறி மாறி வருவதைப் போல என்று பலர் விளக்குகிறார்கள். வெற்றிடத்தில் முன்னேறிச் செல்லும் அலையில் இரு புலங்களும் ஒரே கட்டத்தில் உள்ளன: இரண்டும் ஒன்றாக உச்சம் அடைகின்றன, ஒன்றாகவே சுழியாகின்றன. அப்படியானால் இரண்டும் சுழியாகும் கணத்தில் ஆற்றல் எங்கே போகிறது என்று கேட்பது நியாயமே. அந்தப் புள்ளியில் இருந்த ஆற்றல் அடுத்த புள்ளிக்கு முன்னேறிவிட்டது. அலையின் வேலையே ஆற்றலை முன்னோக்கி எடுத்துச் செல்வதுதான். ஊசலைப் போன்ற மாறாட்டம் எதிரெதிர் அலைகள் சேர்ந்து உண்டாகும் நிலை அலையில்தான் நிகழ்கிறது.

இந்த அதிர்வைக் கண்ணால் காணும் சோதனை ஏதும் உண்டா?

நிலை அலையை வீட்டிலேயே காணலாம். மைக்ரோவேவ் அடுப்பில் உள்ள சுழலும் தட்டையும் அதைச் சுழற்றும் உருளையையும் எடுத்துவிட்டு, பொரிக்காத அப்பளங்களை ஒரு தட்டில் பரப்பிச் சில வினாடிகள் மட்டும் இயக்கினால், அப்பளம் முழுவதும் ஒரே சீராகப் பொரியாமல் ஆங்காங்கே திட்டுத்திட்டாகப் பொரியும். புலம் வலிமையாக அதிரும் இடங்கள் அவை. அடுப்பின் அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 12.2 செ.மீ.; ஆகவே அடுத்தடுத்த திட்டுகளுக்கு இடையே பாதி அலைநீளம், அதாவது சுமார் 6 செ.மீ. இருக்க வேண்டும். அடுப்புக்குள் அலைகள் மூன்று திசைகளிலும் எதிரொளிப்பதால் திட்டுகள் ஒழுங்காக அமையாமல் போகலாம் என்றாலும், அளந்த இடைவெளியை இரு மடங்காக்கி அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒளியின் வேகத்துக்கு அருகான எண் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அதிர்வு இதைவிட லட்சம் மடங்குக்கும் மேல் விரைவானது. அதன் மின்புலம் ஏறி இறங்குவதை நேரடியாகப் பதிவு செய்வது, அட்டோ வினாடி (ஒரு வினாடியில் 10⁻¹⁸ பங்கு) அளவிலான மிகக் குறுகிய ஒளித் துடிப்புகளைக் கொண்டு ஃபெரென்ஸ் கிராவுஸின் குழுவினரால் 2004ஆம் ஆண்டில் நிகழ்த்தப்பட்டது.

அலைக் கோட்பாடு இவ்வளவு வெற்றி பெற்றிருக்க, ஃபோட்டான் எதற்காகத் தேவைப்பட்டது?

சூடான பொருள் உமிழும் ஒளியின் நிறப்பங்கீட்டை விளக்க முயன்ற மேக்ஸ் பிளாங்க், ஆற்றல் தவணை தவணையாகப் பரிமாறப்படுகிறது என்று கொண்டால்தான் கணக்கு ஒத்துவருகிறது என்பதை 1900 டிசம்பரில் அறிவித்தார். ஒரு தவணையின் அளவு அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அந்த விகித மாறிலி 6.626 × 10⁻³⁴ ஜூல்-வினாடி. ஒளியே அப்படித் தவணைகளாக இருக்கிறது என்று துணிந்து சொன்னவர் 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன்.

அவர் எடுத்துக்காட்டிய நிகழ்வுகளுள் ஒன்று ஒளிமின் விளைவு. சோடியம் பரப்பிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியேற்றச் சுமார் 2.3 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் தேவை. 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஒரு தவணை 1.9 எலக்ட்ரான் வோல்ட். எனவே சிவப்பு விளக்கை எத்தனை மடங்கு பெருக்கினாலும் எலக்ட்ரான் வெளிவருவதில்லை. 450 நானோமீட்டர் நீல ஒளியின் தவணை 2.76 எலக்ட்ரான் வோல்ட். மங்கலான நீல ஒளிகூட எலக்ட்ரானை உடனே வெளியேற்றி, மிச்சமுள்ள ஆற்றலை அதற்கு இயக்கமாகக் கொடுக்கிறது. எலக்ட்ரானின் வேகம் ஒளியின் செறிவைப் பொறுத்தது அன்று என்பதை லெனார்டு 1902ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். ஐன்ஸ்டைனின் ஒளித் தவணைக் கருத்தை ஏற்காத மில்லிகன் பல ஆண்டுகள் உழைத்து 1916ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவீடுகள், அந்தக் கருத்திலிருந்து பிறந்த சமன்பாட்டையே உறுதிப்படுத்தின. “ஃபோட்டான்” என்ற பெயர் பரவியது 1926ஆம் ஆண்டில் கில்பர்ட் லூயிஸ் அதைப் பயன்படுத்திய பிறகுதான்.

அப்படியானால் ஒளிமின் விளைவு ஃபோட்டான் இருப்பதை நிரூபிக்கிறது எனலாமா?

பெரும்பாலான பாடநூல்கள் அப்படியே சொல்கின்றன. அவை தேவைக்கு மேல் சொல்கின்றன என்பது என் கருத்து. உலோகத்தில் உள்ள எலக்ட்ரானைக் குவாண்டம் விதிகளின்படியும், ஒளியைப் பழைய மேக்ஸ்வெல் அலையாகவும் வைத்துக் கணக்கிட்டாலும், எலக்ட்ரானின் ஆற்றல் அதிர்வெண்ணைப் பொறுத்தது என்ற முடிவு கிடைத்துவிடுகிறது. ஆகவே தவணை முறை ஒளிக்கு உரியதா, அதை வாங்கும் பொருளுக்கு உரியதா என்ற ஐயம் அந்தச் சோதனையால் மட்டும் தீர்வதில்லை.

அந்த ஐயத்தைத் தீர்க்க வேறு வகைச் சோதனை வேண்டும். பாதி ஒளியை ஊடுருவ விட்டுப் பாதியை எதிரொளிக்கும் கண்ணாடியின் இரு பக்கங்களிலும் இரண்டு உணர்விகளை வையுங்கள். ஒளி வெறும் அலை என்றால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது பிரிந்து இரு பக்கமும் செல்லும். இரு உணர்விகளும் அவ்வப்போது ஒருசேரத் துடிக்கும். ஒளி உண்மையாகவே ஒரு தவணை மட்டும் என்றால், ஏதாவது ஒன்றுதான் துடிக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு: சாதாரண விளக்கொளியை மங்கலாக்கினால் போதாது, ஏனெனில் அதில் ஃபோட்டான்கள் கூட்டம் கூட்டமாக வரும் இயல்பு உள்ளது. லேசர் ஒளியை மங்கலாக்கினாலும் அவை தற்செயலாகச் சேர்ந்து வரும். தனித்தனி அணுக்களே மூலமாக வேண்டும். 1977ஆம் ஆண்டில் கிம்பிள், டேகனே, மாண்டல் ஆகியோர் சோடியம் அணுக்கள் உமிழும் ஒளியில் ஃபோட்டான்கள் கூட்டமாகச் சேராமல், இடைவெளிவிட்டு வருவதைக் கண்டனர். 1986ஆம் ஆண்டில் பாரிஸ் அருகே ஓர்சேயில் கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே ஆகியோர் கால்சியம் அணு அடுத்தடுத்து உமிழும் இரு ஃபோட்டான்களில் முதலாவதை அறிவிப்பு மணியாகப் பயன்படுத்தி, இரண்டாவதைக் கண்ணாடிக்கு அனுப்பினர். இரு உணர்விகளும் ஒருசேரத் துடிப்பது, அலைக் கோட்பாடு கேட்கும் குறைந்தபட்ச அளவைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. பின்பு இரு உணர்விகளையும் அந்த இடங்களிலிருந்து எடுத்துவிட்டு இரு பாதைகளையும் மறுபடி இணைத்தபோது, அதே ஒற்றை ஃபோட்டான்கள் குறுக்கீட்டு வரிகளை, அதாவது இரு பாதை அலைகள் சேர்வதால் உண்டாகும் ஒளி–இருள் வரிகளை, காட்டின. ஃபோட்டானைப் பற்றி மாணவருக்குச் சொல்லத் தக்க ஒரே சோதனையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

எந்த ஒளி பழைய அலைக் கோட்பாட்டுக்குள் அடங்கும், எது அடங்காது என்பதற்குப் பொதுவான கணித அளவுகோலை 1963ஆம் ஆண்டில் ராய் கிளாபரின் ஆய்வும், சென்னை கிறித்தவக் கல்லூரியில் பயின்ற இ. சி. ஜி. சுதர்சனின் ஆய்வும் வகுத்துத் தந்தன. 2005ஆம் ஆண்டு நோபல் பரிசு கிளாபருக்குக் கிடைத்தது. சுதர்சன் அதில் இடம்பெறாதது எனக்கு இன்றும் வருத்தமே.

ஒரு ஃபோட்டான் எவ்வளவு நீளம்?

இதற்கு ஒரே விடை கிடையாது. தனித்திருக்கும் சோடியம் அணு மஞ்சள் ஒளியை உமிழச் சராசரியாக 16 நானோ வினாடி எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் ஒளி ஏறத்தாழ 5 மீட்டர் செல்கிறது. எனவே அந்த ஒற்றை ஃபோட்டானை விவரிக்கும் அலைத் தொகுதியும் அந்த அளவுக்கு நீண்டது, அதில் சுமார் 80 லட்சம் அதிர்வுகள் அடங்கும். ஆனால் உணர்வியில் அது பதிவாகும்போது ஓர் அணுவளவான இடத்தில், முழு ஆற்றலோடு, ஒரே தடவையில் பதிவாகிறது. ஐந்து மீட்டர் நீளமுள்ள கயிறு வந்து மோதியதைப் போன்றதன்று அது. எங்கே, எப்போது பதிவாகும் என்பதற்கான வாய்ப்பைத்தான் அந்த அலைத் தொகுதி நிர்ணயிக்கிறது.

ஒளியின் பிரகாசத்தைக் கூட்டினால் வீச்சு கூடுகிறதா, ஃபோட்டான்களின் எண்ணிக்கை கூடுகிறதா?

இரண்டும் ஒரே மாற்றத்தின் இரு கணக்குகள். செறிவு வீச்சின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், புலத்தின் வீச்சை இரு மடங்காக்கினால் வினாடிக்கு வரும் ஃபோட்டான்கள் நான்கு மடங்காகும். 1 மில்லிவாட் பச்சை லேசர் வினாடிக்குச் சுமார் 27 கோடி கோடி ஃபோட்டான்களை அனுப்புகிறது. ஆற்றில் நீர்த்துளிகளை எண்ண முடியாததைப் போல, அங்கே தனித்தனிப் படிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒரே ஒரு ஃபோட்டான் இருந்தால் அதன் மின்புலம் எவ்வளவு?

துல்லியமாக ஒரு ஃபோட்டான் உள்ள நிலையில், மின்புலத்தை மீண்டும் மீண்டும் அளந்தால் சராசரி சுழியாகவே வரும்; இருமடியின் சராசரி மட்டும் சுழி ஆகாது. எண்ணிக்கை துல்லியமாகத் தெரிந்தால் கட்டம் (அதிர்வு அந்தக் கணத்தில் எந்த நிலையில் உள்ளது என்பது) முற்றிலும் தெரியாமல் போகிறது என்பதே இதன் பொருள். லேசரில் நேர் எதிர்: கட்டம் நன்கு அமைந்திருக்கும், ஃபோட்டான்களின் எண்ணிக்கை சராசரியைச் சுற்றி ஏறி இறங்கும். ஆகவே பாடநூலில் உள்ள நேர்த்தியான நெளிகோடு ஒரு ஃபோட்டானின் உருவப்படம் என்று எண்ணக்கூடாது. எண்ணற்ற ஃபோட்டான்கள் ஒரே கட்டத்தில் சேர்ந்த நிலையையே அது காட்டுகிறது.

மங்கலான ஒளியில் குறுக்கீடு நிகழ்வதை யாராவது பழைய காலத்திலேயே பார்த்தார்களா?

1909ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஜெஃப்ரி டெய்லர் ஒரு வாயுச் சுடரின் ஒளியைப் புகையேற்றிய கண்ணாடிகளால் மிகவும் மங்கலாக்கி, ஓர் ஊசியின் நிழலைப் புகைப்படத் தட்டில் பதித்தார். மிக நீண்ட பதிவு 2000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தது. நிழலின் ஓரத்து விளிம்பு வரிகள் சற்றும் மங்கவில்லை. மங்கலாக்கிய விளக்கொளி ஃபோட்டான்களைத் தனித்தனியாகத் தரும் மூலமாகாது என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். ஆயினும் ஃபோட்டான்கள் ஒன்றோடொன்று மோதித்தான் வரிகள் உண்டாகின்றன என்ற எண்ணத்தை அந்தத் தட்டு அன்றே பலவீனப்படுத்தியது.

வானொலி அலையிலும் செல்பேசி அலையிலும் ஃபோட்டான்கள் உண்டா?

உண்டு. 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் அலையின் ஒரு ஃபோட்டானுக்கு 0.0000004 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான் உள்ளது. வைஃபை அலையின் ஃபோட்டானுக்கு 0.00001 எலக்ட்ரான் வோல்ட். மூலக்கூறுகளின் வேதிப் பிணைப்பை அறுக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் வேண்டும் என்பதால், இத்தகைய ஃபோட்டான் எதுவும் அதைத் தனியாகச் செய்ய இயலாது. வலிமையான அலை உடலில் பட்டால் ஏற்படுவது வெப்பம். 300 நானோமீட்டர் புற ஊதாக் கதிரின் ஃபோட்டானோ 4.1 எலக்ட்ரான் வோல்ட் கொண்டது. குளிர் மிகுந்த மலையில் நின்றாலும் வெயிலில் தோல் கருத்துப் போவதற்குக் காரணம் இதுவே. அங்கே வேலை செய்வது வெப்பம் இல்லை, ஒவ்வொரு தவணையின் அளவு.

நிறையற்ற ஃபோட்டான் எப்படித் தள்ளும்?

உந்தம் இருக்க நிறை கட்டாயமன்று. ஃபோட்டானின் உந்தம், பிளாங்க் மாறிலியை அலைநீளத்தால் வகுத்தால் கிடைக்கும். பூமிக்கு அருகே ஒரு சதுர மீட்டர் கறுப்புத் தகட்டைச் சூரிய ஒளி சுமார் 4.5 மைக்ரோ நியூட்டன் விசையோடு தள்ளுகிறது. பளபளப்பான தகடானால் அதில் இரு மடங்கு. புலங்களைக் கொண்டு மேக்ஸ்வெல் கணக்கிட்டதும் இதே அளவுதான். ரஷ்யாவின் லெபெதேவ் 1900ஆம் ஆண்டில் இதை அளந்து காட்டினார். 2010ஆம் ஆண்டில் ஜப்பான் ஏவிய இகாரோஸ் விண்கலம் இந்தத் தள்ளுவிசையில் பாய் விரித்துச் சென்றது.

கண்ணாடிக்குள் ஒளி ஏன் மெதுவாகிறது?

அணுக்கள் ஃபோட்டானை விழுங்கிச் சற்றுத் தாமதித்து உமிழ்கின்றன என்ற விளக்கம் பரவலாக உள்ளது, அது சரியன்று. அப்படி நடந்தால் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறிப்போகும், கண்ணாடி தெளிவாக இராது. வரும் புலம் கண்ணாடியின் எலக்ட்ரான்களை அதிரச் செய்கிறது; அவை தாமும் அதே அதிர்வெண்ணில், சற்றுப் பின்தங்கிய கட்டத்தில் அலைகளை எழுப்புகின்றன; எல்லாம் சேர்ந்த கூட்டு அலையின் முகடுகள்தாம் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் நகர்கின்றன.

ராமன் விளைவு ஃபோட்டானால் விளக்கப்படுவதா, அலையால் விளக்கப்படுவதா?

இரு வகையிலும் விளக்கலாம், ஒன்று மற்றொன்றின் குறையை நிரப்புகிறது. திருச்சியில் பிறந்த ச. வெ. ராமன், கே. எஸ். கிருஷ்ணனுடன் கொல்கத்தாவில் 1928ஆம் ஆண்டில் கண்ட விளைவு இது. பாதரச விளக்கின் 435.8 நானோமீட்டர் ஒளி பென்சீனில் சிதறும்போது, அதன் ஒரு சிறு பங்கு சுமார் 455.5 நானோமீட்டராக மாறி வெளிவருகிறது. ஃபோட்டான் கணக்கின்படி, மூலக்கூறு தன் அதிர்வுக்காக 0.12 எலக்ட்ரான் வோல்ட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருகிறது. அலைக் கணக்கின்படி, வினாடிக்கு 30 லட்சம் கோடி முறை அதிரும் மூலக்கூறு, தன்மீது படும் புலத்துக்கு இசையும் அளவும் அதே தாளத்தில் கூடிக் குறைவதால், சிதறும் ஒளியில் அந்த அதிர்வெண் கூட்டியும் கழித்தும் தோன்றுகிறது. கழித்த வரி வலுவாகவும் கூட்டிய வரி மங்கலாகவும் இருப்பது ஏன் என்பதை அலைக் கணக்கு மட்டும் சொல்லாது. ஒளிக்கு ஆற்றலைக் கூடுதலாகத் தர வேண்டுமானால் மூலக்கூறு முன்பே ஒரு படி மேலே அதிர்ந்துகொண்டிருக்க வேண்டும். அறை வெப்பநிலையில் அத்தகைய பென்சீன் மூலக்கூறுகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.